காவாவோடு உளுந்து வடை

திருத்தணி
டிசம்பர் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். உன் அம்மா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். கார்த்திகைக் கூட்டம் வடிந்து கீழ்த்தெருவில் இப்போதுதான் நிம்மதியாக நடக்க முடிகிறது. மார்கழி பிறந்துவிட்டால் மறுபடி விடியற்காலையிலேயே மலை ஏறுகிறவர்கள் குரல் கேட்க ஆரம்பித்துவிடும்.

போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. 31-ஆம் தேதி ராத்திரி ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் உன் பார்சலோனா வீட்டுக்கு வருகிறார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் காவா, அந்த ஊர்க் குமிழி ஒயின், கொண்டுவருகிறார்கள். சாப்பாடு உன் பொறுப்பு. "நம்ம ஊர்ப் பலகாரம் போட்டால் அந்த ஒயினோடு சேருமா மாமா, இல்லை இங்கே கிடைக்கிறதையே கடையில் வாங்கி அடுக்கிடட்டுமா?" என்று கேட்டாய். வாங்காதே பாப்பா. நம்ம ஊர்ப் பலகாரமே போடு. காவாவுக்குப் பிடித்தது உப்பு, எண்ணெய், மொறுமொறுப்பு. இந்த மூன்றும் நம் வீட்டு சாயங்காலத் தட்டில் தினமும் இருப்பவை. அன்றைக்கு ஒதுக்கி வைக்க வேண்டியது மிளகாய் ஒன்றைத்தான்.

"மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்கு ஒயினைப் பற்றியா எழுதப்போகிறாய்?" என்று உன் அம்மா கேட்டாள். அவள் கவலை எனக்குப் புரிகிறது. கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இதை மேசை மேசையாகப் பரிமாறியவன் நான். ஊற்றுகிறவருக்கு என்ன ஊற்றுகிறோம், எவ்வளவு ஊற்றுகிறோம் என்று தெரிந்திருந்தால் அந்த மேசையில் யாருக்கும் கெடுதல் வராது. அதை அவளிடமும் சொன்னேன். நீ குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம். அங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வற்புறுத்துகிறவர் இருந்தால் அவரை அடுத்த முறை கூப்பிடாதே.

முதலில் அது என்ன ஒயின் என்று தெரிந்துகொள். கப்பல் பார்சலோனாவில் நிற்கும் நாட்களில் எனக்கு ஓய்வு கிடைத்தால் சான்ட்ஸ் ஸ்டேஷனில் ஆர்-4 ரயில் ஏறிவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் சான் சதுர்னி தனோயா என்ற சின்ன ஊர். பெனெதெஸ் என்ற திராட்சைச் சீமையின் நடுவில் இருக்கிறது. ஸ்டேஷனை விட்டு இறங்கினால் எதிரிலேயே ஃப்ரெஷெனெட் கம்பெனியின் பாதாள அறைகள். 1914-இல் ஆரம்பித்த கம்பெனி. கறுப்புப் பாட்டிலில் 1974-இல் அவர்கள் விற்பனைக்கு விட்ட காவாதான் உலகம் முழுக்கப் போனது. எங்கள் கப்பலிலும் அதுதான் அதிகம் ஓடும். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி கொதோர்னியூ. அந்தக் குடும்பத்து ஜுசெப் ரவெந்தோஸ் என்பவர் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் பார்த்துக் கற்றுக்கொண்ட முறையில், 1872-இல் தன் ஊர்த் திராட்சையில் குமிழி ஒயின் செய்தார். அவர்களுடைய கட்டடத்தைக் கட்டிக்கொடுத்தவர் புச் இ கதஃபால்க் என்ற கத்தலான் கட்டடக் கலைஞர். செங்கல்லை வளைத்து வளைத்து எழுப்பிய அந்தக் கூடத்துக்குள் நின்றால் பேச்சு தானாகக் குறைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் போய்ப் பார்.

அங்கே கேட்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1887-இல் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பெனெதெஸுக்குள் வந்து கொடிகளை அழித்துவிட்டது. பிரான்ஸ் அதற்கு முன்பே அடி வாங்கியிருந்தது. பூச்சி தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டி மறுபடி நடும்போது, கறுப்புத் திராட்சை இருந்த நிலத்தில் எல்லாம் வெள்ளைத் திராட்சையை வைத்தார்கள். இன்றைக்கு நீ குடிக்கும் வெள்ளைக் காவா அந்த நடவிலிருந்து வந்தது. அந்த ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் செப்டம்பரில் அந்தப் பூச்சியின் பேரிலேயே திருவிழா எடுக்கிறார்கள்! பூச்சி வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் பட்டாசு வெடித்து ஆடுவார்கள். தன்னை அழித்ததைக்கூட ஊர்வலத்தில் சேர்த்துக்கொள்கிற மனசு அவர்களுக்கு. அந்த ஊர்மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு அதுதான் முதல் காரணம்.

மூன்று திராட்சைகள் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: மக்காபேயோ, ஷரேலோ, பரெல்யாதா. வருகிறவர்களிடம் "இதில் ஷரேலோ எவ்வளவு?" என்று கேட்டுப்பார், அப்புறம் அரை மணி நேரம் நீ பேசவே வேண்டாம். அவரவர் தாத்தா தோட்டத்துக் கதை வந்துவிடும். ஷரேலோதான் புளிப்பையும் உடம்பையும் கொடுப்பது. மற்ற இரண்டும் மென்மை.

செய்கிற விதம் இது. முதலில் சாதாரண வெள்ளை ஒயின் செய்கிறார்கள். அதைப் பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளே மறுபடி நொதிக்கிறது. கிளம்புகிற வாயுவுக்கு வெளியே போக வழியில்லை, ஒயினுக்குள்ளேயே கரைந்து நிற்கிறது. குறைந்தது ஒன்பது மாசம் பாட்டில் இருட்டில் படுத்திருக்க வேண்டும். சட்டமே அப்படி. ரெசெர்வா என்று போட்டிருந்தால் பதினெட்டு மாசம், கிரான் ரெசெர்வா என்றால் முப்பது மாசம். பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, செத்த ஈஸ்ட் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை உறையவைத்துத் திறக்கிறார்கள். உள்ளிருக்கும் அழுத்தம் வண்டலை வெளியே தள்ளிவிடும். குறைந்துபோன அளவை ஈடுகட்டத் துளி இனிப்பு சேர்த்த ஒயினை ஊற்றி, கார்க் போட்டுக் கம்பி கட்டுகிறார்கள். ஷாம்பெயினும் இதே முறைதான். திராட்சையும் மண்ணும் வெயிலும் வேறு. காவாவின் விலை மட்டும் எவ்வளவோ குறைவு. அதனால்தான் அங்கே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் காவா, பிறந்தநாளுக்கும் காவா. நம் நாட்டிலேயே புனே பக்கம் நாராயண்காவ்னில் 1980-களில் 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் இதே முறையில் செய்தார்கள். இப்போது நாசிக் பக்கம் இரண்டு மூன்று கம்பெனிகள் நன்றாகச் செய்கின்றன.

ஒரு மரியாதை மட்டும் கவனி. அவர்கள் முன்னால் இதை ஷாம்பெயின் என்று சொல்லாதே. முன்பு ஸ்பெயின்காரர்களும் அப்படித்தான் பெயர் போட்டு விற்றார்கள். 1960-இல் லண்டன் நீதிமன்றத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வழக்குப் போட்டு 'ஸ்பானிஷ் ஷாம்பெயின்' என்று விற்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு தங்கள் பெயரிலேயே தலைநிமிர்ந்து விற்று உலகத்தைப் பிடித்தவர்கள் அவர்கள். காவா என்று சொன்னால் முகம் மலரும்.

லேபிளில் நீ பார்க்க வேண்டியது இனிப்பு அளவைச் சொல்லும் சொல். ப்ரூட் நேச்சர் என்றால் லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, அதாவது சுத்தமாக இனிப்பில்லை. ப்ரூட் என்றால் 12 கிராம் வரை. எக்ஸ்ட்ரா செக்கோ 12 முதல் 17. செக்கோ 32 வரை. செமி செக்கோ 50 வரை. 'செக்கோ' என்றால் அவர்கள் மொழியில் இனிப்பில்லாதது என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காவா லேபிளில் அந்தச் சொல் இருந்தால் நாக்குக்கு இனிப்பு தெரியும், ஏமாந்துவிடாதே. "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்கிறவர்களிடம் பாதிப்பேரை ப்ரூட்டும் பாதிப்பேரை எக்ஸ்ட்ரா செக்கோவும் கொண்டுவரச் சொல். நம் சாப்பாட்டுக்கு எக்ஸ்ட்ரா செக்கோதான் என் தேர்வு. நாம் எவ்வளவு குறைத்தாலும் இஞ்சி, மிளகு, பெருங்காயம் என்று ஏதோ ஒரு காரம் இருக்கவே செய்யும், அந்தத் துளி இனிப்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ப்ரூட் நேச்சர் வந்தால் அதை மீனுக்கு வைத்துக்கொள். விலை அதிகமான கிரான் ரெசெர்வா யாராவது கொண்டுவந்தால் இந்த வறுவல் பொரியலுக்கு நடுவில் திறக்காதே. அது பிரெட் வாசனையும் பருப்பு வாசனையுமாக அமைதியாக இருக்கும். நாலு பேர் மட்டும் இருக்கிற வேறொரு நாளுக்கு எடுத்து வை.

இப்போது நீ கேட்ட சாப்பாடு.

உளுந்து வடைதான் முதல் தட்டு. ஆனால் நம் வீட்டு அளவில் வேண்டாம், ஒரு வாய்க்கு ஒன்று என்கிற அளவில் தட்டு. பச்சை மிளகாய் போடாதே. ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, பொடியாக நறுக்கிய இஞ்சி, கொஞ்சம் தேங்காய்ப் பல், அவ்வளவே. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், எழுதிக்கொள்: உளுந்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாதே, அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விடு, அங்கே குளிர் என்பதால் மாவு இறுகும், கையால் நன்றாக அடித்துக்கொள். உப்பை எண்ணெய் காய்ந்த பிறகு மாவில் சேர். வடையைப் பொரித்து எடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் தட்டு வெளியே போக வேண்டும். வெளியே மொறுப்பு, உள்ளே பஞ்சு, எண்ணெயின் வாசனை. ஒரு கடி கடித்ததும் வாயில் எண்ணெய் ஒரு படலமாகப் படியும். அந்த நேரத்தில் ஒரு வாய் காவா குடித்தால் அதன் புளிப்பும் குமிழியும் படலத்தைத் துடைத்து எடுத்துவிடும், நாக்கு அடுத்த வடைக்குத் தயாராகிவிடும். உப்பு இன்னொரு காரியமும் செய்கிறது. ஒயினின் புளிப்பை மட்டுப்படுத்தி அதற்குள் இருக்கும் பழ வாசனையை முன்னால் கொண்டுவரும். இந்த இரண்டு காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற பலகாரங்களை நீயே தேர்ந்தெடுத்துவிடுவாய்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, பொட்டுக்கடலை கூட்டி, மிளகாய்க்குப் பதில் ஒரு துண்டு இஞ்சி வைத்து அரை. சாம்பார் வேண்டாம். புளி போட்ட எதுவும் அன்றைக்கு வேண்டாம். ஒயினைவிடச் சாப்பாடு புளிப்பாக இருந்தால் ஒயின் தண்ணீர்போல் சப்பென்று ஆகிவிடும்.

வடைக்கு முன்னாலேயே மேசையில் இருக்க வேண்டியவை அப்பளம், தட்டை, முறுக்கு, உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை. தோலோடு அவித்து வை. நம் பக்கத்து வயலில் பறித்த கடலையின் ருசி அங்கே கிடைக்காது என்றாலும், உரித்து உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவது அந்த ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் ஆலிவ் கொட்டையை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காருகிறவர்கள்தானே. மசால் வடை போடுவதானால் சோம்பைக் குறை. வாழைக்காய் பஜ்ஜி நன்றாகச் சேரும். வெங்காயப் பகோடாவை நான் அதைவிட மேலே வைப்பேன். குளிர்காலத்தில் அங்கே 'கல்சோட்' என்று நீளமான வெங்காயத் தாள் வரும், நெருப்பில் கருகச் சுட்டு, பாதாம் அரைத்த சாஸில் தோய்த்துத் தின்பார்கள். சுட்ட வெங்காயத்தின் இனிப்புக்கும் காவாவுக்கும் அந்த ஊரில் நெடுநாள் உறவு. உன் பகோடாவைத் தின்றதும் அவர்களே அதைச் சொல்வார்கள்.

மீன் போடலாமா என்று கேட்டாய். கட்டாயம் போடு. உனக்கு அங்கே நெத்திலி கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மீன் கடையில் 'போக்கெரோனெஸ்' என்று கேள். நெத்திலியின் சொந்தக்காரன்தான், அளவு கொஞ்சம் பெரிது. கடைக்காரரே சுத்தம் செய்து கொடுப்பார். மஞ்சள், உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சை, கொஞ்சம் அரிசி மாவு. சிவப்பு மிளகாய்த்தூளைக் கையிலேயே எடுக்காதே. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடு. அவர்களும் இதே மீனை மாவில் புரட்டிப் பொரித்துத்தான் காவாவோடு தின்கிறார்கள். உன் தட்டில் மஞ்சளும் மிளகும் கூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். காவா கடலோர ஒயின், மீனோடு அதற்கு மனஸ்தாபமே வராது.

அடுத்ததை நான் சொன்னால் அத்தையே நம்பவில்லை: வெண்பொங்கல். சின்னக் கிண்ணத்தில், இரண்டு ஸ்பூன் அளவு, நெய் மினுமினுக்க, மேலே வறுத்த முந்திரி ஒன்று. மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்த வாசனையோடு குழைந்த பருப்பும் சோறும் வாயில் கனமாக இருக்கும். காவா அந்தக் கனத்தைத் தூக்கிவிடுகிறது. கப்பலில் சமையற்கட்டுக்காரர்கள் எங்களுக்கென்று பொங்கல் வைக்கிற நாட்களில் மீதமிருந்த ப்ரூட்டை வாயில் விட்டுப் பார்த்தபோது தெரிந்துகொண்டது இது. இத்தாலிக்காரர் ரிசோட்டோவோடு ஸ்பார்க்ளிங் ஒயின் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் பொங்கல் அதற்கு ஒரு படி மேலே நிற்கும் என்பது என் தீர்மானமான கருத்து. மிளகின் காரம் மிளகாயைப்போல் நாக்கில் உட்கார்ந்து எரிக்காது, வந்து போய்விடும்.

மிளகாயை ஏன் இப்படி விரட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மிளகாய் எரிச்சலை உணர்கிற நரம்பையேதான் சாராயமும் குமிழி வாயுவும் தூண்டுகின்றன. காரமான வாயில் குமிழி ஒயினை ஊற்றினால் எரிச்சல் இரண்டு பங்காகும். பழக்கமில்லாத நாக்கு அதற்குமேல் ஒன்றையும் ருசிக்காது. இங்கே நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். நம் அடுக்களையில் பாதி இன்னும் நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சமையல்தான். ஆவக்காய் இல்லாமல் பருப்புச் சோறு இறங்காது, நாட்டுக்கோழிப் புலுசும் ராகி சங்கட்டியும் இல்லாமல் விருந்து ஆகாது. அந்தக் கோழிக் குழம்பை அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று உனக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். அதை ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மோரோடு போடு. கோங்குரா ஊறுகாய் ஜாடியையும் அன்றைக்கு எடு. 31-ஆம் தேதி ராத்திரி அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

தயிர் சாதம் ஒயினோடு வேண்டாம், இரண்டும் ஒன்றை ஒன்று மந்தமாக்கிவிடும். ராத்திரி ஒரு மணிக்கு எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கிண்ணத்தில் கொடு. வயிற்றுக்கும் நல்லது, உன்னையும் மறக்க மாட்டார்கள். இனிப்பும் அப்படித்தான். சர்க்கரைப் பொங்கலையோ பாயசத்தையோ தின்றுவிட்டு ப்ரூட்டைக் குடித்தால் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல் இருக்கும். இனிப்பை டிகிரி காபியோடு கடைசியில் கொண்டுவா.

பாட்டிலைக் கையாளுவதில் மட்டும் கண்டிப்பாக இரு. உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். விளையாட்டுக்குக்கூட 'டப்' என்று கார்க்கைப் பறக்கவிடக் கூடாது, கண் போய்விடும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு போட்டு அரை மணி நேரம் கழுத்துவரை முக்கி வை. 6 முதல் 8 டிகிரிக்கு வந்துவிடும். குளிராத பாட்டில்தான் பொங்கி வழியும். ஈரத்தைத் துடை. கம்பியின் வளையத்தை ஆறு அரைச்சுற்றுச் சுற்றித் தளர்த்து, அந்த நொடியிலிருந்து கட்டைவிரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காதே. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஆள் இல்லாத சுவரைப் பார்க்க வைத்து, ஒரு கையால் கார்க்கை அழுத்திப் பிடித்தபடி மறு கையால் பாட்டிலின் அடியைத் திருப்பு. கார்க் மெல்லப் பெருமூச்சுவிட்டபடி வெளியே வர வேண்டும். பெரிய சத்தம் வந்தால் குமிழியில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். ஒல்லியான நீளக் கிளாஸ் இல்லையே என்று கவலைப்படாதே. சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில்தான் வாசனை நன்றாகத் தெரியும். சோப்பு வாசம் துளிகூட இல்லாமல் வெந்நீரில் அலசிக் காயவை, சோப்புப் படிந்தால் குமிழி எழும்பாது.

அளவு. ஒரு பாட்டிலில் ஆறு கிளாஸ். எட்டுப் பேர் எட்டுப் பாட்டில் கொண்டுவந்தால் அது அதிகம். நாலைக் குளிரில் வை, மற்றதை நன்றி சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிடு. இதில் சாராயம் பதினொன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். குடிக்க லேசாக இருப்பதால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. வடை ஒரு சுற்று போகாமல் பாட்டிலைத் திறக்காதே, வெறும் வயிற்றில் யாருக்கும் ஊற்றாதே. தண்ணீர்க் கூஜா மேசையில் எப்போதும் நிறைந்திருக்கட்டும். வண்டி எடுத்து வருகிறவர் யார் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்.

உன் ஆபீசில் மொராக்கோவிலிருந்து வந்த ஒரு பையன் குடிக்க மாட்டான் என்று சொன்னாயே, எனக்கு முதலில் அவன் ஞாபகம்தான் வந்தது. இத்தனை வருஷம் பரிமாறியதில் நான் கண்டது, குடிக்காதவருக்கு மேசையின் ஓரத்தில் வெறும் தண்ணீரை வைத்துவிட்டு எல்லோரும் கிளாஸைத் தூக்கும் நேரம்தான் விருந்திலேயே மனசு நோகும் நேரம். அவனுக்கும் அதே கிளாஸ், அதே குளிர்ச்சி. அடியில் இரண்டு ஸ்பூன் நன்னாரி சர்பத், பாதி எலுமிச்சை, மேலே சோடா. நிறம் தேன்போல் வரும், குமிழியும் நிற்கும், வாசனைக்கு அந்த மேசையில் வேறு எதுவும் கிட்டே வராது. ஒயின் குடிக்கிறவர்களே அவனிடம் ஒரு வாய் கேட்பார்கள், பார்.

புத்தாண்டு பிறக்கும் பன்னிரண்டு மணிக்கு அவர்கள் திராட்சை தின்பார்கள், கடிகாரம் அடிக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்று. மத்ரீத் நகரத்து புவெர்த்தா தெல் சோல் கடிகாரத்தை டிவியில் போட்டுவிட்டு நாடே தின்கிறது. அலிகாந்தே பக்கத்து விவசாயிகள் கொத்தைக் காகிதப் பையால் மூடி டிசம்பர் வரைக்கும் கொடியிலேயே காப்பாற்றி அனுப்புகிற திராட்சை அது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தக் காகிதப் பைகள்தான் ஞாபகம் வந்தன. ஆளுக்குப் பன்னிரண்டு என்று எண்ணி, கொட்டையை எடுத்து, சின்னக் கிண்ணங்களில் முன்னாலேயே போட்டு வை. அந்த அவசரத்தில் கொட்டை தொண்டையில் மாட்டும்.

அன்றைக்கு ராத்திரி இங்கே என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித் திருவிழா. சின்னப் பெண்ணாக என் தோளில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. 365 படிக்கும் படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு, கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பஜனைக் கோஷ்டிகள் ஏறும். புத்தாண்டு அன்றைக்கு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் பழத்தட்டோடு போய் நிற்கிறார்களே, அதற்குப் பதில் தணிகைமலையானைப் போய்ப் பார்க்கட்டும் என்று வள்ளிமலை சுவாமிகள் நூறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தது. நானும் அத்தையும் இந்த வருஷமும் ஏறுகிறோம். எங்களுக்குப் பன்னிரண்டு மணி ஆகும்போது உனக்கு ராத்திரி ஏழரை. உன் விருந்தாளிகள் வந்து உட்காருகிற நேரம் அது. நீ முதல் வடையை எண்ணெயில் போட்டுவிட்டு எங்களுக்கு வீடியோ கால் போடு. மேலே சிக்னல் கிடைத்தால் கோபுர விளக்கையும் கூட்டத்தையும் அவர்களுக்கும் காட்டு. ஒரே ராத்திரியை அவர்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள், நாம் எப்படிக் கொண்டாடுகிறோம் என்பதை நீ இரண்டு பக்கத்துக்கும் சொல்லக்கூடியவள். அதில் எதையும் மறைக்கவோ கூச்சப்படவோ வேண்டாம்.

அடுத்த தெரு மளிகைக்கடைக்காரர் மகன் 18-ஆம் தேதி பார்சலோனா வருகிறான். அவனிடம் அப்பளம், தட்டை, கை முறுக்கு, மிளகு, பெருங்காயம், இரண்டு பாட்டில் நன்னாரி சர்பத் கொடுத்து அனுப்புகிறேன். சர்பத்தைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அத்தை உருக்கி வைத்த நெய்யை அனுப்ப முடியாது. பால் சாமானும் இறைச்சிச் சாமானும் ஐரோப்பாவுக்குள் பெட்டியில் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதி. அங்கே உப்பில்லாத வெண்ணெய் வாங்கி நீயே உருக்கிக்கொள், கடைசியில் ஒரு முருங்கைக் கீரைக் கொத்துக்குப் பதில் இரண்டு மிளகு தட்டிப் போடு. உளுந்தும் பாசிப்பருப்பும் ராவல் பகுதிக் கடைகளில் கிடைக்கும், தோல் நீக்கிய முழு உளுந்தாகப் பார்த்து வாங்கு, உடைத்தது வேண்டாம். வாங்கியதும் ஒரு பிடி அரைத்து நாலு வடை தட்டிப் பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று அத்தைக்குச் சொல். மாவுப் பதத்தைப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது, போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
மாமா